மேல்முனையில் நின்றவள்

"கழுகையும் விஞ்சும் கண்பார்வை, கடுகளவும் பிசகாத கவனம், தவறைக் கண்ட இடத்தில் தயங்காது சுட்டிக்காட்டும் நேர்மை ஆகியவற்றால் கண்ணாடிப் பிரிவின் தரத்துக்கு அரணாக விளங்கும் மூத்த பொருள் மீட்புப் பணியாளர்."

நகராட்சியின் பாராட்டு மடலில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அதை ஒலிபெருக்கியில் ஒருவர் உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, மேற்படி பணியாளர் மேடைக்கு ஏறும் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று செருப்பு நுனியால் துழாவிக்கொண்டிருந்தாள்.

மடலை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அலுவலகத்தில் இருந்தபடியே போன் போட்டு விசாரித்திருக்கிறார். "அந்தம்மாவை எல்லாரும் கழுகுன்னுதான் சார் கூப்பிடுவாங்க" என்று பதில் வந்திருக்கிறது. மீதியை மொழி பார்த்துக்கொண்டது.

கழுகு என்ற பட்டப்பெயர் ஒரு காலத்தில் நியாயமாகவே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓடுகிற பெல்ட்டில் நூறு பாட்டில்களுக்கு அடியில் கிடக்கும் ஒரு காபிக் கோப்பையின் காதை அவள் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவாள். கை நீளும், கோப்பை காணாமல் போகும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அங்கே கோப்பை இருந்ததே தெரியாது. பிறகு வருஷங்கள் போயின. பார்வையும் போயிற்று. பட்டப்பெயர் மட்டும் நிரந்தர ஊழியர் மாதிரி அசையாமல் தங்கிவிட்டது.

நிலையம் ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வீடுகளிலிருந்து பச்சைத் தொட்டிகளில் சேரும் ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், இருமல் மருந்து, எண்ணெய், வாசனைத் திரவியம், மனைவிக்குத் தெரியாமல் குடித்தது, எல்லாம் லாரியில் வந்து ஒரு புனலில் கொட்டப்பட்டு, அங்கிருந்து பெல்ட்டில் இறங்கும். இரு முனைகளில் பெண்கள் நின்று ஆகாததைப் பொறுக்கி எறிவார்கள். மிஞ்சியது நொறுங்கி, பாட்டில் தொழிற்சாலையின் உலைக்குப் போய், புதுப் பாட்டிலாக வெளியே வரும். மறுபிறவி உண்டா இல்லையா என்று மனிதர்கள் இன்னும் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாட்டில் விஷயத்தில் அந்தச் சந்தேகமே கிடையாது. காகிதம் சில முறை திரும்பி வந்தால் நார் நைந்து ஓய்ந்துபோகும். பிளாஸ்டிக் ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்கும். கண்ணாடி மட்டும் எத்தனை முறை உருகினாலும் அதே கண்ணாடிதான். புது மணல் தோண்ட வேண்டாம், உலைக்கு எரிபொருளும் குறைவு. இதெல்லாம் நிலையத்தின் வாசல் சுவரில் படத்தோடு எழுதியிருக்கிறது, உண்மையும்கூட. சுவரில் எழுதியது உண்மையாகவும் இருப்பது அபூர்வம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இந்த மறுபிறவிக்கு ஒரே இடைஞ்சல், ஊர்க்காரர்களின் நல்ல மனசு. கெட்டவன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மூலையில் வீசிவிட்டுப் போவான். அவனால் உலைக்கு ஆபத்தில்லை. நல்லவர்களுக்குத்தான் எதையும் வீணாக்க மனம் வராது. உடைந்த பீங்கான் தட்டு, தேநீர்க் கோப்பை, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டு, பூமிக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கப் போவார்கள். பீங்கான் உலையில் உருகாது. அடுப்புப் பாத்திரம் சூடு தாங்கவே பிறந்தது, ஆகவே அதுவும் உருகாது. உருகாத துண்டு புதுப் பாட்டிலின் கழுத்தில் ஒரு கல்லாகப் போய் உட்காரும். ஒருநாள் அந்தப் பாட்டில் யார் கையிலாவது தெறிக்கும்.

அடுப்புப் பாத்திரத்துக்குப் பெல்ட் பெண்கள் வைத்த பெயர் கள்ளக் கண்ணாடி. பார்த்தால் கண்ணாடி, தட்டினால் கண்ணாடி, உள்ளே வேறு. விளிம்பில் லேசாக ஒரு மஞ்சளோ நீலமோ ஓடும், அவ்வளவுதான் அடையாளம். பெல்ட்டின் மேல்முனையில் நிற்பவள் பீங்கானுக்கும் கள்ளக் கண்ணாடிக்கும் பொறுப்பு. கீழ்முனையில் நிற்பவள் மூடி, தகரம், பிளாஸ்டிக் பார்ப்பாள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள், கழுத்துக்கும் இடுப்புக்கும் ஒரு மாறுதல் என்பதற்காக. எந்த நேரம் யார் எங்கே என்று யாரும் குறித்து வைப்பதில்லை. நிற்பவர்களுக்குத் தெரியும், போதாதா.

கழுகோடு ஜோடியாக நின்றவள் அவளுடைய நாத்தனார். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று அண்ணன் கேட்கவில்லை. எப்போது போவாய் என்று அண்ணி கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்வியும் கேட்கப்படாமலே அந்தச் சின்ன வீட்டில் ஒரு மேஜை நாற்காலி அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் கிடைத்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடை. குளிக்கப் போகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு உலகத்தில் ஒரே ஆசைதான்.

"ஒரு ரூம் அண்ணி. எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும்."

"தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள என்னடி பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். யாரும் தாண்டாம படுத்திருப்பேன்."

அந்த அறைக்காகத்தான் அவளைப் பெல்ட்டில் சேர்த்துவிட்டாள் கழுகு. அதில் பாசம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. நடை காலியாகும் என்ற கணக்கும் இருந்தது.

கண் மங்கியதை முதலில் கண்டுபிடித்தவள் நாத்தனார்தான். கழுகு ஒருநாள் வெள்ளைத் தட்டின் பாதியை ரொம்ப மரியாதையாகக் கடந்து போக விட்டாள். கீழ்முனையிலிருந்து அதை எடுத்து எறிந்துவிட்டு, அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, என் சேலை என்ன கலர்?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

கழுகு நடையை எட்டிப் போட்டாள். எல்லாம் பாலில் முக்கியெடுத்த மாதிரி தெரிய ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. கண்புரை, சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். ஆனால் அதற்கு விடுப்புக் கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். பார்வை தேவைப்படும் வேலையில் இருப்பவள் பார்வை போய்விட்டது என்று சொல்லி விடுப்புக் கேட்டால், நிலையத்தை நடத்தும் ஒப்பந்ததாரர் நிரந்தரமாகவே கொடுத்துவிடுவார். வருடாந்தரக் கண் பரிசோதனையில் நாத்தனார் வரிசையில் முன்னால் நின்று, எழுத்துகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தாள். பின்னால் நின்றவள் கேட்டதை அப்படியே ஒப்பித்தாள். டாக்டர் அவசரத்தில் இருந்தார். கழுகு தேறிவிட்டாள்.

பெல்ட்டில் அவள் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கிளறுவதற்குக் கொடுத்த சின்ன இரும்புக் கம்பியால் வருவதைத் தட்டிக்கொண்டே இருப்பாள். கொட்டகை இரைச்சலில் ஓசை கேட்காது. ஆனால் கம்பி வழியாக மணிக்கட்டுக்கு ஒரு அதிர்வு வரும். கண்ணாடி என்றால் சிணுங்கும், பீங்கான் என்றால் செத்துக் கிடக்கும். செத்ததை எடுத்து எறிந்துவிடலாம். இதில் அவள் உள்ளூரப் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். கள்ளக் கண்ணாடியும் சிணுங்கும் என்பதை மட்டும் நினைக்காமல் விட்டாள். அது நழுவினால் கீழ்முனையில் நாத்தனார் எடுத்துவிடுவாள். நாத்தனார் இரண்டு பேர் வேலையைச் செய்தாள், அண்ணி இரண்டு பேருக்கான பெயரை வாங்கினாள். குடும்பத்துக்குள் நடப்பது என்பதால் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் தேநீருக்குப் பிறகு இடம் மாறி, கழுகு மேல்முனைக்கு வந்தாள். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அண்ணி, நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் பெல்ட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு நிறுத்தணும்? நான் இருக்கேன்ல."

"இருக்கீங்க. அதான் நிறுத்தச் சொல்றேன்."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எப்போதும் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள்தான். அன்றைக்கு என்னவோ அது கழுகுக்குச் சுருக்கென்று தைத்தது. "போடி, போ. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இந்தப் பெல்ட்ல நின்னவ" என்றாள். அது பொய், பெல்ட்டைவிட நாத்தனாருக்கு வயது அதிகம். நாத்தனார் சிரித்துக்கொண்டே போனாள். பெல்ட் ஓடியது.

அந்த நேரம் பார்த்து, எங்கோ ஒரு பாத்திரக் கடை கழித்துக் கட்டிய உடைசல் முழுவதும் புனலில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் அடுப்புப் பாத்திரம். கழுகு கம்பியால் தட்டினாள். எல்லாம் நன்றாகச் சிணுங்கியது. இவ்வளவு சுத்தமான சரக்கு வந்து நாளாயிற்று என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் தொழிற்சாலை அந்த லோடைத் திருப்பி அனுப்பியது. கூடவே, அதே லோடில் கொஞ்சம் உருக்கிச் செய்த ஒரு பாட்டிலையும் அனுப்பியிருந்தார்கள், பார்த்து மகிழட்டும் என்று.

கொட்டகை மேற்பார்வையாளருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் தொங்கும் விசிலை வைத்துத்தான் அவர் மனிதர்களிடம் பேசுவார். வாயால் பேச வேண்டியிருந்தால் சங்கடப்படுவார். அன்று சங்கடப்பட்டுக்கொண்டே இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாட்டிலைக் கழுகின் கையில் கொடுத்தார்.

"பாருங்கம்மா. கழுத்துகிட்ட பாருங்க."

கழுகு பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஒரு வெளிச்சம் தெரிந்தது, அதற்குள் கொஞ்சம் குறைந்த வெளிச்சம் தெரிந்தது. "ஆமா சார், நல்லாத் தெரியுது" என்றாள்.

"மொத்த லோடும் இப்ப குப்பைப் பள்ளத்துலதான் கொட்டணும். இனிமே நம்ம சரக்கே வேணாங்கறான். ஒப்பந்தக்காரர் என்னைப் புடிச்சு ஆட்டறார். யாராவது ஒருத்தரை அனுப்பிச்சாத்தான் அவர் மனசு ஆறும்." விசில் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அன்னைக்கு டீக்கு அப்புறம் மேல்முனையில யாரு?"

அண்ணி சொல்வாள் என்று நாத்தனார் காத்திருந்தாள். அண்ணியும் சொன்னாள். கையைத் தூக்கி, பக்கத்தில் மங்கலாகத் தெரிந்த அந்தச் சேலையைக் காட்டி, "இவதான் சார்" என்றாள்.

விசில் நாத்தனாரைப் பார்த்தார். "என்னம்மா, அப்படியா?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் கண் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கண் விஷயத்தைச் சொன்னால் கண் பரிசோதனை விஷயம் வரும். மறைத்தவளும் வேண்டாம், மறைக்க உதவியவளும் வேண்டாம் என்பார்கள். பிறகு வீட்டில் மிஞ்சுவது அண்ணனின் சம்பளம். அண்ணன் ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுபவர். நாள் முழுக்க ஏறியும் சம்பளத்தில் ஏறாதவர்.

"ஆமா சார்" என்றாள் நாத்தனார்.

வெளியே வந்ததும் கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, அண்ணியின் கையில் கொடுத்தாள். "உங்க ஜோடி கிழிஞ்சிருக்கு. இதை வெச்சுக்கோங்க" என்றாள். திட்டியிருந்தால் கழுகுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டினவளோடு சண்டை போடலாம்.

வீட்டில் அண்ணன் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வேலையை ஒழுங்காப் பாக்கத் தெரியுதா உனக்கு? அண்ணியைப் பாத்துக் கத்துக்கோ. இத்தனை வருஷத்துல அவ மேல ஒரு புகார் உண்டா?"

"கத்துக்கறேன் அண்ணா" என்றாள் தங்கை.

அதன் பிறகு சமையல் அவள் பொறுப்பாயிற்று. அறைக்காகச் சேர்த்த பணமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புக்குள் போயிற்று. ஒரு சாயங்காலம் ஒரு தட்டில் பருப்பைக் கொட்டி அண்ணியின் முன்னால் நகர்த்தினாள்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க. கல் பொறுக்குங்க அண்ணி."

அவள் குரலில் குத்தல் இருந்ததா என்று கழுகால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரல் நுனியால் பருப்பைத் தடவித் தடவி, கல் என்று தோன்றியதையெல்லாம் எடுத்து ஓரமாகச் சேர்த்தாள். சேர்ந்ததில் பாதிக்கு மேல் பருப்பு. நாத்தனார் அதைப் பார்த்தாள், தட்டை வாங்கி அப்படியே உலையில் போட்டாள்.

சாப்பாட்டின் நடுவே அண்ணனின் பல்லில் கல் நறுக்கென்று கடிபட்டது. தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "யார் பொறுக்கினது?"

கழுகின் கை சாப்பாட்டில் நின்றது.

"நான்தான் அண்ணா" என்றாள் நாத்தனார். "எனக்குத்தான் கண்ணு சரியில்லையே."

அண்ணன் ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அன்று அந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையே நிலையம் தன் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. பாட்டில் தொழிற்சாலை வாங்காவிட்டால் என்ன, சாலை போடுகிறவர்கள் வாங்குவார்கள். நொறுக்கிய கண்ணாடியைத் தாருக்கு அடியில் ஜல்லியோடு பரப்பலாம். அதில் பீங்கான் இருந்தாலும் சரி, கள்ளக் கண்ணாடி இருந்தாலும் சரி, செங்கல்லே இருந்தாலும் சரி, மேலே ஓடும் லாரிக்கு ஆட்சேபம் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பிறக்கக் கூடிய பாட்டில், இப்போது ஒரே ஒரு முறை சாலைக்கு அடியில் படுக்கும், பிறகு எழுந்திருக்காது. வீடுகளில் மக்கள் வழக்கம்போலக் கழுவி, காகிதத்தை உரித்து, மூடியைத் தனியாக எடுத்து, பச்சைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்ல பழக்கத்தைக் கெடுப்பானேன் என்பது அதிகாரிகளின் கருத்து.

சாலைக்குப் போகும் சரக்கை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே அந்த வருடத்தின் பிற்பகுதி முழுக்க நிலையத்தின் மேல் ஒரு புகாரும் இல்லை. புகார் இல்லாத இடத்தில் யாரோ திறமைசாலி இருந்தாக வேண்டும் என்று நகராட்சி நினைத்தது. போன் போட்டு விசாரித்தது. இப்படித்தான் பாராட்டு மடல் வந்து சேர்ந்தது.

விழாவுக்கு முந்தின நாள் நாத்தனார் அண்ணியின் நல்ல சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அண்ணி, நாளைக்கு நகராட்சிப் பெரிய அதிகாரி வருவாராமே. விசிலும் பக்கத்துலயே நிப்பார்."

"நிப்பார்."

"ஒரு வார்த்தை சொல்லுங்க. பழசை ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க நின்னீங்களா நான் நின்னேனாங்கற பேச்சே வேணாம். என் நாத்தனாரைத் திரும்ப எடுத்துக்கோங்கன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க கேட்டா நாளைக்கு மறுக்க முடியாது. இப்ப ரோட்டுக்குத்தானே போகுது, யார் கண்ணும் தேவையில்ல." கொஞ்சம் நிறுத்தி, "நான் பாத்து வெச்ச அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்காம்" என்றாள்.

"சொல்றேன்" என்றாள் கழுகு.

"நெசமா?"

"சொல்றேங்கறேன்ல."

சொல்லத்தான் நினைத்திருந்தாள். இரவெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் கோத்துப் பார்த்தாள். ஆனால் அந்த வாக்கியத்தின் கடைசியில், ஒவ்வொரு தடவையும், பெல்ட்டின் கீழ்முனையில் நாத்தனார் நின்றாள். நாள் முழுக்க எதிரே நிற்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததைத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நன்றாகத் தெரியாவிட்டாலும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேடையில் அதிகாரி சால்வையைப் போர்த்திவிட்டு ஒலிவாங்கியை நீட்டினார். "நம்ம மக்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா. ஏதாவது கோரிக்கை இருந்தாலும் சொல்லுங்க."

விசில் பக்கத்தில்தான் நின்றார். கீழே, முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலங்கிய அந்தக் கூட்டத்தில் நாத்தனார் எங்கோ இருந்தாள். எங்கே என்று தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"கண்ணாடியைத் தனியா போடுங்க" என்றாள் கழுகு. "கழுவிப் போடுங்க. பீங்கான் கலக்காதீங்க. கண்ணாடியோட அருமை எங்களுக்குத்தான் தெரியும்."

பலத்த கைதட்டல். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வீடு திரும்பும் வழியில் அண்ணன் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். மடலை எந்தச் சுவரில் மாட்டலாம் என்பது அவருடைய கவலை. நாத்தனார் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே ஒரு வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள். தங்க இடம் உண்டு. தனி அறை இல்லை. நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய். கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்து, "அடிக்கடி வந்துட்டுப் போடி" என்றாள்.

"நடை காலியாயிடுச்சு அண்ணி" என்றாள் அவள். "இருட்டுல பாத்து நடங்க."

மடல் இப்போது சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் பாராட்டுகிறார்கள். நடந்ததைச் சொல்வதானால் அவ்வளவு வார்த்தைகள் தேவைப்படாது. அன்று தேநீருக்குப் பிறகு மேல்முனையில் நின்றவள் கழுகுதான். பெல்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை. யார் என்று கேட்டபோது நாத்தனாரைக் கை காட்டினாள்.